மருமவனே, மாடி ஏறுததுக்கு முந்தி

வாரும் மருமவனே, உக்காரும். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடுது. இந்த வீட்டுல இப்போதைக்கு ஆடுததுக்கு அது ஒண்ணு போதும். விசயம் எங்காதுக்கு வந்தாச்சு. மச்சினன் கல்யாணம் தை மாசம். ரிசப்ஷன்ல பொண்ணும் மாப்பிள்ளையும் ஆடுவாவளாம், பொறவு சொந்தக்காரங்க ஜோடி ஜோடியா மேடையேறணுமாம். உம்ம வீட்டுக்காரி பேரு குடுத்துட்டா. நாப்பத்திநாலு வயசுல, பேங்குல உக்காந்தே வளத்த தொந்தியோட, நீரு டான்ஸ் கிளாஸ் தேடி அலையுதீரு. மாமா சிரிக்காருன்னு வருத்தப்படாதீரும். சிரிக்கத்தான் செய்யுதேன், நீரு வருத்தப்படாம இருந்தாப் போதும்.

அதுலயும் சால்சா. கும்மி இருக்கு, ஒயில் இருக்கு, தேவராட்டம் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு எதுக்குவே கடல் தாண்டி கியூபாக்காரன் ஆட்டத்துக்குப் போறீருன்னு கேட்டா, 'ஆணும் பொண்ணும் கை பிடிச்சு ஆடணும் மாமா'ங்கீரு. நியாயம். நம்ம பக்கம் ஆணும் பொண்ணும் ஜோடியா மேடையில ஆடுனதுன்னா, கரகாட்டக் கோஷ்டியோட வார குறவன் குறத்தி ஆட்டந்தான் ஞாபகம் வருது. அதுல ஆபாசம் ஏறி, ஒரு சனத்தையே கேவலப்படுத்துதாவன்னு கோர்ட்டு வரைக்கும் போயி, 2023-ல அரசாங்கமே தடை போட்டுட்டு. போட்டது சரிதான். கோயில் கொடையில முன்வரிசையில உக்காந்து அதைப் பாத்தவன்ல பாதிப்பேரு, மறுநாள் அதைக் கண்டிச்சுப் பேசுனதையும் நான் பாத்திருக்கேன்.

கூச்சமா இருக்குன்னு வேற சொல்லுதீரு. ஏம்வே, குலசை தசராவுக்கு விரதம் இருந்து, காளி வேசம் கட்டி, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஊர் ஊராக் காணிக்கை பிரிச்ச ஆளுதானே நீரு? தசரா செட்டோட மேளத்துக்கு நடுரோட்டுல ஆடுனப்ப வராத கூச்சம், ஏசி ரூம்ல பத்துப் பேருக்கு முன்னால எங்கேர்ந்து வருது? முத்தாரம்மன் பாத்தா பரவாயில்லை, பக்கத்து பிராஞ்ச் மேனேஜர் பாத்துடக் கூடாது. அதானே?

நடராசர் ஆடுன சபை அஞ்சு. அதுல தாமிர சபை நெல்லையப்பர் கோயிலுக்குள்ள. சித்திர சபை குத்தாலத்துல. ஜில்லாவைப் பிரிச்சு தென்காசிக்குக் குடுத்துட்டாவ, அதுக்காக நம்மது இல்லேன்னு ஆயிருமா? அஞ்சுல ரெண்டை வச்சுக்கிட்டு ஆட்டம் நமக்கு வராதுன்னு சொன்னா அது தெய்வக் குத்தம். இன்னொண்ணு திருவாலங்காட்டு ரத்தின சபை. அங்கன அவரு காளியோட போட்டி போட்டு ஆடினாரு. அம்மா விட்டுக் குடுக்கலை. கடைசியில இவரு காலைத் தலைக்கு மேல தூக்கிட்டாரு, அம்மா வெக்கப்பட்டு நின்னுட்டா, இவரு ஜெயிச்சாச்சு. சாமிங்கதால நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கூட ஆடுத பொம்பளையைத் திண்டாட வச்சு ஜெயிக்கிற ஆளு எவனாவது மாஸ்டர்னு போர்டு போட்டிருந்தா, அவன் மாடி ஏறாதீரும்.

மாடின்னு ஏன் சொல்லுதேன்னா, பாளையங்கோட்டையில இப்ப மாடிப்படி இருக்கிற இடத்துல எல்லாம் ஒரு போர்டு தொங்குது. பரதம், வெஸ்டர்ன், ஹிப்ஹாப், ஜூம்பா, கீபோர்டு, சிலம்பம், அபாகஸ். அத்தனைக்கும் கீழ, இடம் மிச்சம் இருந்ததுனால சால்சா. ஜூம்பா சொல்லிக் குடுக்கிற ஆளு சால்சாவும் சொல்லிக் குடுத்துருவாருன்னு நம்பிராதீரும். ஜூம்பா தேகப்பயிற்சி. அதுல கையைப் பிடிக்க ஆள் தேவையில்லை, கண்ணாடியைப் பாத்துக் குதிச்சாப் போதும். ஜோடி ஆட்டத்துல கண்ணாடிக்கு வேலையே கிடையாது. எதுத்தாப்புல நிக்கிற மனுசி எந்தப் பக்கம் சாயுதான்னு உம்ம கைக்குத் தெரியணும், உம்ம மனசுல என்ன இருக்குன்னு அவ கைக்குத் தெரியணும். கல்யாணமாகி பதினஞ்சு வருசத்துல நடக்காத காரியம், பாத்துக்கிடும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு உம்ம அத்தை அடுக்களையிலேர்ந்து கேக்கா. கேட்டியாடி, நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல ஃபிட்டரா இருந்தவன். நாகப்பட்டினத்துல இருந்ததைத் தூக்கி 1928-ல திருச்சி பொன்மலையில வச்சாவ. எங்க காலத்துலயும் அங்கன ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்க கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கிறிஸ்மஸ், புதுவருசம்னா இன்ஸ்டிடியூட்டுல டான்ஸ். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட், ஜைவ். நான் உள்ள போவலை. ஜன்னல் இருந்துச்சு. கிழவிங்க பேரனோட ஆடுவாவ, டிரைவர் போர்மேன் பொஞ்சாதியோட ஆடுவாரு, பத்து வயசுப் பையன் அத்தையோட ஆடுவான். ஒரு பாட்டு முடிஞ்சதும் ஜோடி மாறிரும். எங்கன படிச்சீருன்னு கூட வேலை பாத்தவர்ட்ட ஒருநாள் கேட்டேன். 'எங்க சித்தி இழுத்துட்டுப் போயி ஆட வச்சாங்க, அவ்வளவுதான்'னாரு. ஃபீஸ்? ஒரு துண்டு கேக்கு, அதுவும் சித்தி குடுத்தது.

உமக்கு அப்படி ஒரு சித்தி வாய்க்கலை. அதனாலதான் பள்ளிக்கூடம் தேடுதீரு.

இனிமே காதைக் குடும். முதல்ல உமக்கு என்ன வேணும்னு முடிவு பண்ணும். தை மாசம் மேடையில மூணு நிமிசம், ஒரே பாட்டு, ஒரே ஜோடி, மானம் போவாம இறங்கணும், அவ்வளவுதானா? அப்பப் பள்ளிக்கூடமே வேண்டாம். டிவியில 'மானாட மயிலாட' ஓடுன நாள்லேர்ந்து கல்யாணத்துக்கு ஸ்டெப்பு போட்டுக் குடுக்கிற ஆளுங்க பெருகியாச்சு. ஒருத்தரை வீட்டுக்கு வரச் சொல்லும். இந்த வரிக்கு வலது கால், அந்த வரிக்கு ஒரு சுத்து, கடைசியில ரெண்டு பேரும் கையைத் தூக்கிச் சிரிக்கணும்னு மனப்பாடம் பண்ணிக் குடுத்துருவாரு. அது தப்பில்லை. கல்யாணத்துக்கு வாடகைக் கோட்டு எடுக்கிறது தப்பா? ஆனா மேடையை விட்டு இறங்கினதும் கோட்டைத் திருப்பிக் குடுத்துரணும். ஆடப் படிச்சதா ஊருல சொல்லக் கூடாது.

ஆடவே படிக்கணும்னா அது வேற சோலி. அங்கதான் பாதிப்பேரு ஏமாறுதாவ. மாடியேறிப் போயி மாஸ்டர் ஆடுததைப் பாத்துட்டு வாயைப் பிளந்து துட்டைக் கட்டிட்டு வந்துருதாவ. மாஸ்டர் ஆடத்தான் செய்வாரு வே! அவருக்கு அதைவிட்டா வேற சோலி இல்லை. சுவத்துல மாட்டியிருக்கிற கப்பும் அவரு வாங்குனது, உமக்கு அதுல டீ கூடக் குடிக்க முடியாது. நீரு பாக்க வேண்டியது மூலையில நிக்கிற ஆளை. சேந்து ஆறு மாசம் ஆச்சு, வயசு நாப்பதைத் தாண்டியாச்சு, சட்டை பட்டன் இழுத்துப் பிடிக்குது. அப்படி ஒருத்தன் அங்கன இருக்கானான்னு பாரும். இல்லவே இல்லைன்னா அதுவே பாதி பதில். இருந்தா அவன் ஆடுதப்ப நைசா மாஸ்டர்ட்ட சொல்லும்: 'மாஸ்டர், வேற பாட்டு ஒண்ணு போடுங்க பாப்போம்.' அது முடிஞ்சதும், 'வேற ஆளோட ஆடச் சொல்லுங்க பாப்போம்.'

பாட்டையும் மாத்தி, ஜோடியையும் மாத்தின பொறவு அந்தத் தொந்திக்காரன் பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருந்தான்னா, அவன் முகத்துல சிரிப்பும் இருந்துச்சுன்னா, மறு பேச்சுப் பேசாம சேந்துரும். பாட்டு மாறினதும் முழிச்சுக்கிட்டு நின்னான்னா, அங்கன சொல்லிக் குடுக்குதது ஆட்டம் இல்லை, மனப்பாடம். ஆறு மாசமா ஆறு பாட்டை உருப்போட வச்சு, வருசக் கடைசியில ஹால் பிடிச்சு, ஜிகினாச் சட்டைக்குத் தனியாத் துட்டு வாங்கி, ஆண்டு விழான்னு ஒண்ணு நடத்துவாவ. நீரும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போடுவீரு, நூறு பேரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாவ. மறு மாசம் ஒரு கல்யாண வீட்டுல தெரியாத பாட்டைப் போட்டு 'வாங்க அண்ணாச்சி, ஆடுங்க'ன்னு கூப்பிட்டா, பந்தி எங்க நடக்குன்னு தேடுவீரு.

ஜோடி மாத்துததுன்னதும் உம்ம முகம் மாறுது. 'நான் எம்பொஞ்சாதியோட மட்டுந்தான் ஆடுவேன் மாமா'ங்கீரு. பதிவிரதனா இருக்கீரு, நல்லது. ஆனா கேளும். மேலப்பாளையம் சந்தையில புதுக் காளை பிடிச்சுட்டு வந்தா நாங்க என்ன செய்வோம்? வண்டி பழகுன பழைய மாட்டோட சேத்துப் பூட்டுவோம். பழைய மாடு திரும்புத இடத்துல திரும்பும், நிக்கிற இடத்துல நிக்கும். புதுசு நாலு நாள் முறைச்சுப் பாத்துட்டு அதுக்கேத்த நடைக்கு வந்துரும். ரெண்டும் புதுசாப் பூட்டுனா வண்டி கன்னடியன் கால்வாய்க்குள்ளதான் போயி நிக்கும். அதுக்குப் பொறவு உன்னாலதான், உன்னாலதான்னு ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டும். நீரும் உம்ம வீட்டுக்காரியும் ரெண்டும் புதுசு. ரெண்டு பேரும் மட்டும் பூட்டிக்கிட்டுப் பழகுனீருன்னா மூணாம் நாளு வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்புல தனித்தனியா நிப்பீரு.

ஜோடி மாத்துததுல கெட்ட எண்ணம் கிடையாது, நம்ம கோலாட்டத்துலயே இருக்குததுதான். எதிர் எதிரா நின்னு ரெண்டு தட்டு தட்டிட்டு ஒரு அடி தள்ளிப் போனா அடுத்த ஆளு எதுத்தாப்புல வந்துருவா. தாளம் தப்புனா விரல்முட்டியில கோலு விழும். ரெண்டு தடவை விழுந்தா மூணாவது தடவை தாளம் தானா வந்துரும், அதுக்குத் தனியா மாஸ்டர் வேண்டாம். கியூபாவுலயும் சால்சாவை வட்டமா நின்னு ஆடுத ஒரு முறை இருக்கு, 'ருவேதா'ம்பாவ. ஒருத்தன் சத்தம் குடுப்பான், அத்தனை ஜோடியும் ஒரே நேரத்துல சுத்தி, ஆளு மாறி, அடுத்த கையைப் பிடிக்கும். உம்ம அத்தைட்ட அதோட வீடியோவைக் காட்டுனேன். 'கோலை எங்க தொலைச்சாவ?'ன்னு கேட்டா. வகுப்புல நிமிசத்துக்கு ஒருக்கா 'மாத்திக்கோங்க'ன்னு மாஸ்டர் சத்தம் போட்டாருன்னா அவரு விசயம் தெரிஞ்சவரு. மாற விருப்பம் இல்லாதவங்களை வம்பு பண்ணாம விட்டுட்டாருன்னா இன்னும் நல்லவரு.

இந்த எடத்துல மட்டும் நான் கேலி பண்ணலை. மாஸ்டர் பொம்பளைப் பிள்ளைங்களை எப்படித் தொடுதாருன்னு பாரும். கையை வைக்க முந்தி 'தோள்ல கை வைக்கட்டுமா'ன்னு கேக்காரா? வேண்டாம்னு தலையாட்டுனா விட்டுருதாரா, இல்ல 'இவ்வளவு கூச்சப்பட்டா எப்படி'ன்னு பல்லைக் காட்டுதாரா? பல்லைக் காட்டுனா உம்ம வீட்டுக்காரியைக் கூட்டிக்கிட்டு அந்த நிமிசமே இறங்கிரும், கட்டுன துட்டு போனாப் போவுது. நெருங்கி ஆடுததுங்கதுக்காக ஆட்டத்து மேல பழி போடாதீரும். 1816-ல இளவரசர் விருந்துல வால்ட்ஸ் ஆடுனதுக்கே லண்டன் டைம்ஸ் பத்திரிகை அசிங்கம்னு தலையங்கம் எழுதிச்சு. இன்னைக்கு அதே வால்ட்ஸைக் கிழவன் கிழவி ஆடுதாவ. ஆட்டம் ஒண்ணும் பண்ணாது. ஆளைப் பாரும்.

'நான் ஆம்பளை, நான்தான் நடத்துவேன்'ன்னும் ஆரம்பிக்காதீரும். நடத்துத ஆளு ஒருத்தரு, பின்னால வார ஆளு ஒருத்தரு. அது வேலை, ஆண்பால் பெண்பால் இல்லை. நல்ல இடத்துல ரெண்டு வேலையையும் ரெண்டு பேருக்கும் கொஞ்சம் பழக்கி விடுவாவ. பின்னால வார ஆளுக்கு என்ன கஷ்டம்னு தெரிஞ்சாத்தான் நடத்துத ஆளு கையை முறுக்க மாட்டான். சுடலைமாடன் கொடையில கணியான் கூத்து விடிய விடியப் பாத்து வளந்தவருலா நீரு? அண்ணாவி பாட, மகுடம் அடிக்க, ரெண்டு ஆம்பளைங்க சேலை கட்டி ஆடுததைப் பாத்து யாரு சிரிச்சா? சாமியே இறங்கி வருது. நீரு நாலு நிமிசம் பின்னால நடந்தா மீசை உதிர்ந்துராது.

அடுத்தது புகழ்ச்சி. இதுக்குத்தான் உம்மை உக்கார வச்சேன். எம்பேரன் பாளையங்கோட்டை சட்டக் கல்லூரியில படிக்கான்லா, அவன் ஒரு அமெரிக்க வழக்கை வாசிச்சுக் காட்டுனான். ஃபுளோரிடாவுல கிளியர்வாட்டர்னு ஒரு ஊரு. அங்க ஆட்ரி வோக்ஸ்னு ஒரு அம்மா. அம்பத்தோரு வயசு, புருசன் செத்துட்டாரு, சொந்தம்னு யாரும் கிடையாது. நல்லா ஆடணும்னு ஒரு ஆசை. காலடித் தடத்தைக் காகிதத்துல அச்சடிச்சுத் தபால்ல அனுப்பி டான்ஸ் சொல்லிக் குடுத்தே பேரெடுத்தவரு ஆர்தர் மர்ரேன்னு ஒருத்தரு. அவரு பேருல நடந்த பள்ளிக்கூடம் ஒண்ணு அந்த அம்மாவை 1961-ல ஒரு டான்ஸ் பார்ட்டிக்குக் கூப்பிட்டுச்சு. போன இடத்துல 'உங்க நடையில என்ன ஒரு நளினம், உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு'ன்னாவ. அரை மணி நேர வகுப்பு எட்டு, பதினாலரை டாலர். சின்னத் துட்டுதானே, அம்மா கட்டிட்டா.

பொறவு வெண்கலப் பதக்கத்துக்கு ஒரு கோர்ஸ். அது முடியுததுக்குள்ள வெள்ளி. வெள்ளி முடியுததுக்குள்ள தங்கம். நடுவுல வெளிநாட்டுப் பயணம், ஆயுள் உறுப்பினர். ஒவ்வொரு தடவையும் அதே நளினம், அதே எதிர்காலம். பதினாறு மாசம் முடியுததுக்குள்ள பதினாலு கோர்ஸ், 2,302 மணி நேரம், 31,090 டாலர் 45 சென்ட். தினமும் ஒரு மணி நேரம் ஆடுனாலும் ஆறு வருசம் தாண்டும், மருமவனே! அந்த நாள் டாலர் அது. உள்ளது என்னன்னா, அந்த அம்மாவுக்குப் பாட்டுல தாளம் எங்க விழுதுன்னே சரியாக் காதுல பிடிபடலைன்னு வழக்குல வருது. அது சொல்லிக் குடுத்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கீழ்க் கோர்ட்டுல வழக்கைத் தள்ளிட்டாவ. 1968-ல அப்பீல் கோர்ட்டு, அதெல்லாம் தள்ள முடியாது, விசாரிக்கணும்னுட்டு. விசயம் தெரிஞ்சவன் தெரியாதவளைப் பாத்து நீ நல்லா ஆடுதேன்னு சொன்னா, அதை வெறும் வாய்ப்பேச்சுன்னு ஒதுக்க முடியாதாம். பேரன் இதை ஒப்பந்தச் சட்டத்துக்குப் படிக்கான். நான் உமக்குப் படிக்கேன்.

ஆகையினால முதல் நாளே மாஸ்டர் உம்மைப் பாத்து, 'சாருக்கு நேச்சுரலாவே வருது'ன்னு சொன்னாருன்னா, செருப்பைத் தேடும். உமக்கு நேச்சுரலா வாரது கொட்டாவி ஒண்ணுதான், எனக்குத் தெரியும். நல்ல மாஸ்டர் 'சார், எட்டு எண்ணுங்க'ம்பாரு. சால்சாவுல ஒண்ணு ரெண்டு மூணு, நாலுல நிறுத்தம். அஞ்சு ஆறு ஏழு, எட்டுல நிறுத்தம். முதல் எண்ணுல திசை மாத்தி ஆடணுமா ரெண்டாவதுலயான்னு லாஸ் ஏஞ்சல்ஸ்காரனுக்கும் நியூயார்க்காரனுக்கும் தீராத தகராறு. நீரு ஒண்ணரையில ஆரம்பிப்பீரு. அதைச் சிரிக்காம, சலிக்காம, பாட்டை நிறுத்தி, கை தட்டித் திருத்துதாரா? அவருட்ட துட்டு குடும். அதையும் மாசத்துக்கு மாசம் குடும். ஒரு வருசத்துக்குச் சேத்துக் கட்டுனா பாதி விலைம்பாவ. ஜிம்முக்கு ஒரு வருசம் சேத்துக் கட்டி பதினோரு நாளு போனவரு யாருன்னு நான் சொல்லவா, உம்ம வீட்டுக்காரி சொல்லட்டுமா?

தரையைப் பாரும். பொன்மலையில மரத்தரை. நம்ம ஊரு மாடியில டைல்ஸ், இல்லேன்னா சிமெண்டு. கீழ ரப்பர் ஒட்டுன ஷூவைப் போட்டுக்கிட்டு அதுல சுத்துனா, உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது; நடுவுல இருக்கிற முட்டிதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும். அடியில தோல் வச்ச ஷூ நல்லது. அதுக்காக முதல் மாசமே புதுசு வாங்காதீரும், கல்யாணத்துக்கு எடுத்த தோல் ஷூ பரண்ல கிடக்கும். சட்டை ரெண்டு கொண்டு போவும். நம்ம ஊரு வெக்கைக்கு இருவது நிமிசத்துல ஒண்ணு நனைஞ்சுரும், ஈரச் சட்டையோட போயி நின்னா எந்தப் பிள்ளை தோள்ல கை வைப்பா? சாயங்காலம் பச்சை வெங்காயம் வேண்டாம். உமக்கு அல்வாவை நிறுத்தச் சொல்லலை, அளவைக் குறைக்கச் சொல்லுதேன்.

இதையெல்லாம் சலிச்சுப் பாத்து ஊருல ஒரு இடமும் தேறலேன்னா? கலை பண்பாட்டுத் துறையில பகுதிநேரமா நாட்டுப்புறக் கலை சொல்லிக் குடுக்காவளாம், உம்ம வயசுக்குச் சேத்துக்கிடுவாவளான்னு விசாரிச்சுப் பாரும். முதல்ல தாளம் காலுக்கு வரட்டும். தாளம் வந்துட்டா சால்சா எங்க ஓடிப் போவும்? சென்னையிலயும் பெங்களூருலயும் நாளு முழுக்க ஒர்க்ஷாப் வைக்காவ, ரெண்டு பேரும் ஒருநடை போயிட்டு வாரும். போட்டிக்கும் பதக்கத்துக்கும் போவாதீரும். சும்மா வந்தவங்க சும்மா ஆடிட்டுப் போற சாயங்காலம் எந்த இடத்துல நடக்குன்னு கேட்டுப் போவும். அங்கன ஜோடி ஜோடியா ஹாலைச் சுத்தி ஆடுத ஆட்டமும் இருக்கும், வால்ட்ஸ், டாங்கோ இப்படி. நீரு கோயில் பழக்கத்துல வலம் சுத்திராதீரும். உலகம் பூரா அதை இடம் சுத்தித்தான் ஆடுதாவ. எதுத்தாப்புல வந்து நின்னீருன்னா மொத்த ஹாலும் உம்ம மேல வந்து மோதும்.

வயசாச்சேன்னு மட்டும் பின்வாங்காதீரும். நியூயார்க் பிராங்க்ஸ்ல எழுவத்தஞ்சு வயசு தாண்டின 469 பேரை வருசக் கணக்கா கவனிச்சு, 2003-ல பெரிய வைத்தியப் பத்திரிகையில எழுதியிருக்காவ. நடை, நீச்சல், சைக்கிள் எல்லாத்தையும் பாத்ததுல, உடம்பை அசைக்கிற சோலியில ஆடுதது ஒண்ணுதான் ஞாபகமறதி நோய் குறைவா வாரதோட ஒத்துப் போச்சாம். ஆடுனதால மூளை நல்லா இருந்துச்சா, மூளை நல்லா இருந்தவன் ஆடப் போனானான்னு அவுகளே அடிச்சுச் சொல்லலை. நான் இந்த ரெண்டாவது பாதியை உம்ம அத்தைட்ட சொல்லலை. நீரும் சொல்லாதீரும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏதோ இலவச வகுப்பு இருக்குன்னு சொன்னீருலா? அஞ்சு மணிக்கு வண்டியை எடுத்துட்டு வாரும். நான் ஓரமா உக்காந்து, அந்தத் தொந்திக்காரன் எப்படி ஆடுதான்னு பாத்துச் சொல்லுதேன். தேவைப்பட்டா எந்திரிச்சும் பாக்கேன். அங்கன யாராவது கேட்டா, மாமாவுக்கு முட்டுவலி, டாக்டரு கையைக் காலை ஆட்டச் சொல்லியிருக்காருன்னு சொல்லும். அத்தை கேட்டா, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லும். ரெண்டையும் மாத்திச் சொல்லித் தொலைச்சிராதீரும்.